அப்பா மெதுவாக ஓட்டிய நாள்

அப்பாவோடு வண்டி ஓட்டும் மீசைக்காரர் போன வாரம் ஒரே ஒரு சேதியைச் சொல்லிவிட்டுப் போனார். சொன்னவர் அன்றைக்கே மறந்திருப்பார். கேட்ட அப்பாதான் வாரம் முழுக்க அதை மென்றுகொண்டிருந்தார். விழுங்கவும் முடியவில்லை, துப்பவும் முடியவில்லை.

"அண்ணே, ஆளில்லாம தானா ஓடற வண்டி விக்கறவங்க மேல ஆபீசுக்கு வந்திருந்தாங்க இல்ல, அவங்ககூட உங்க பொண்ணும் மீட்டிங்ல இருந்துச்சு. சிரிச்சுப் பேசிட்டு இருந்துச்சு."

சேதி இவ்வளவுதான். மகள் சிரித்ததில் அப்பாவுக்கு ஒன்றும் வருத்தமில்லை. ஆனால் வீட்டில் அவள் சொன்னது வேறு. "இந்தத் தடவை என்னைக் கொள்முதல் பிரிவுல போட்டிருக்காங்கப்பா" என்றுதான் சொல்லியிருந்தாள்.

நடுவில் வந்து சேர்ந்தவர்களுக்காக ஒரு வார்த்தை. அப்பா ஒரு டைல்ஸ் கம்பெனியின் கிடங்கில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறவர், காலை ஷிஃப்ட்டுக்குத் தலைவர். கூட ஓட்டுபவர்கள் கேப்டன் என்று கூப்பிடுவார்கள். மகளுக்கு வீட்டில் பாப்பா என்று பெயர். கல்யாண வயது வந்த பிறகும் பாப்பாதான். அவள் படிப்பதும் அதே கம்பெனி தயவில். மூன்று மாதம் கல்லூரியில் பாடம், மூன்று மாதம் கம்பெனியில் வேலை, மறுபடி பாடம், மறுபடி வேலை. கல்லூரிக் கட்டணமும் கம்பெனி, சம்பளமும் கம்பெனி. வேலைக்கு வரும்போதெல்லாம் ஒவ்வொரு பிரிவாக மாற்றிப் போடுவார்கள். கடைசியில் ஒரு பெரிய ஆய்வு செய்ய வேண்டும். அதற்குப் பாதி மார்க் பேராசிரியர் போடுவார், மீதிப் பாதி கம்பெனி போடும். பாப்பா இப்போது அந்தக் கடைசிக் கட்டத்தில் இருக்கிறாள்.

இப்படி ஒரு படிப்பு இருக்கிறது என்று கேன்டீனில் கேள்விப்பட்டு வந்து வீட்டில் சொன்னதே அப்பாதான். அன்றைக்கு அம்மா ஒரு கேள்வி கேட்டாள். "படிக்கவும் வச்சு சம்பளமும் குடுக்கறான்னா, பதிலுக்கு என்ன கேப்பான்?"

அம்மா மருந்துக்கடையில் நிற்கிறவள். யார் எந்தச் சீட்டை நீட்டினாலும் முதலில் சீட்டைப் பார்க்க மாட்டாள், நீட்டியவர் முகத்தைத்தான் பார்ப்பாள். அந்தக் கேள்வியைக் கேட்டபோது அப்பா சிரித்தார். இந்த வாரம் அவருக்குச் சிரிப்பு வரவில்லை.

அன்று காலை அம்மாவின் கண் பாப்பாவின் காலில் விழுந்தது.

"என்னடி இது, பூட்ஸ் மாதிரி?"

"கம்பெனி ஷூம்மா." பாப்பா குனிந்து கயிற்றை இறுக்கிக்கொண்டிருந்தாள். முன்பக்கம் இரும்புத் தகடு வைத்த கனமான ஷூ.

"கொள்முதல்ல உக்காந்து டைப் அடிக்கறவளுக்கு இரும்பு ஷூ எதுக்கு? கம்ப்யூட்டர் கால்ல விழுந்துடுமா?"

"எல்லாருக்கும் குடுக்கறாங்கம்மா."

அப்பா ரொட்டியைக் கடித்தபடி கேட்டுக்கொண்டிருந்தார். எல்லாருக்கும் கொடுப்பதில்லை. மாடியில் வேலை பார்ப்பவர்கள் செருப்போடு வருவார்கள், செருப்போடு போவார்கள். கிடங்குக்குள் இறங்குகிற நாளில் மட்டும்தான் அவர்களுக்கு இந்த ஷூ. அது அப்பாவுக்குத் தெரியும். அவருக்குத் தெரியும் என்பது பாப்பாவுக்கும் தெரியும். அதனால்தான் அவள் குனிந்த தலையை நிமிர்த்தவில்லை.

"இன்னைக்குக் கீழ வர்றியா?" என்றார் அப்பா, சும்மா கேட்பது போல.

"கூப்ட்டா வருவேன்பா."

"யாரு கூப்ட்டா?"

"மேடம்."

"எதுக்குக் கூப்பிடறாங்க?"

"அப்பா, பஸ் போயிடும்." வழக்கமாக அப்பாவின் காரில் போகிறவள், பையைத் தோளில் மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டாள். சாத்திய கதவை அம்மா பார்த்தாள்.

"மறைக்கறா" என்றாள் பிறகு.

"நம்ம பொண்ணுடி."

"நம்ம பொண்ணுதான். சம்பளம் யாரு குடுக்கறா?"

அப்பா பாதி ரொட்டியைத் தட்டிலேயே வைத்துவிட்டு எழுந்தார்.

கிடங்கில் லாரிக்குச் சரக்கு ஏற்றும் பின்பக்க டாக்கில் அன்றைக்கு மஞ்சள் பட்டை கட்டியிருந்தார்கள். கம்பத்தில் புதிதாக இரண்டு கேமரா. ஓரமாக, உறை போட்டு மூடிய ஒரு வண்டி. உறைக்குள் என்ன இருக்கிறது என்று யாரும் சொல்லவில்லை, சொல்லத் தேவையும் இல்லை. ஓட்டுநர் உட்கார இடமில்லாத வண்டி என்பது உறை தொங்கிய அழகிலேயே தெரிந்தது.

தலைமை அலுவலகத்திலிருந்து புதிதாக வந்திருக்கும் மேலாளர் மேடம் எல்லாரையும் கூப்பிட்டு நிறுத்தினார். "இன்னைக்கு நாங்க சும்மா பார்க்கத்தான் வந்திருக்கோம். நீங்க எப்பவும் போல ஓட்டுங்க. வேற ஒண்ணும் இல்ல."

வேற ஒண்ணும் இல்லை என்று மாடியிலிருந்து வந்தவர்கள் சொன்னால் கிடங்கில் எல்லாரும் ஏதோ இருக்கிறது என்றுதான் எடுத்துக்கொள்வார்கள். அதைவிட மோசம், மேடத்துக்குப் பக்கத்தில் மஞ்சள் மேல்சட்டை போட்டுக்கொண்டு, கையில் டேப்லெட்டோடு பாப்பா நின்றிருந்தாள்.

மேடம் நகர்ந்ததும் மீசைக்காரர் அப்பாவின் காதருகே வந்தார். மற்ற ஓட்டுநர்களும் கூடவே நெருங்கினார்கள்.

"எப்பவும் போல ஓட்டணுமாம் அண்ணே. ஓட்டினா என்ன ஆகும்? இவ்வளவு சுருக்கா முடிக்கறாங்களே, இத்தனை பேர் எதுக்குன்னு பாதிப் பேரைக் கழிச்சிடுவாங்க. பேக்கிங் பிரிவுக்கு இப்படித்தான் ஒருத்தன் சும்மா பார்க்க வந்தான். இப்ப அங்க யாரு இருக்கா சொல்லுங்க."

"என் பொண்ணு அப்படிச் செய்ய மாட்டா."

"செய்ய மாட்டா அண்ணே. அதை ஏன் உங்ககிட்ட சொல்லல?"

மீசைக்காரர் கெட்ட மனிதர் இல்லை. வாய்தான் சும்மா இருக்காது. ஆனால் கேள்வி சரியான இடத்தில் விழுந்துவிட்டது. அப்பா திரும்பி மகளைப் பார்த்தார். அப்படி இல்லை என்று தலையைக் கொஞ்சம் அசைத்தால் போதும் என்று காத்திருந்தார். பாப்பா டேப்லெட்டில் எதையோ தேடுகிறவளாகத் திரும்பி நின்றுகொண்டாள். அவள் ஒரு தடவை நிமிர்ந்து பார்த்திருந்தால் இந்த அத்தியாயமே வேறு மாதிரி போயிருக்கும்.

"சரி" என்றார் அப்பா. "இன்னைக்கு விதிப்படி ஓட்டுவோம்."

வெளி ஆளுக்கு இது நல்ல பிள்ளைகளின் பேச்சாகத் தோன்றும். விவரம் தெரிந்தவர்களுக்கு விஷயம் புரியும். பின்பக்க டாக்கில் தரை ஒரு பக்கமாகச் சாய்ந்து, லாரி நிற்கும் இடத்துக்குச் சரிவாக இறங்கும். எதிரும் புதிருமாக இரண்டு வண்டி வரும். அங்கே அப்பாவின் ஆட்கள் ஓட்டுகிற முறையே தனி. மேலே இருப்பவர் மோவாயை உயர்த்துவார், கீழே இருப்பவர் இரண்டு விரலைக் காட்டுவார், யாரும் நிற்காமல் ஒருவரையொருவர் கடந்துவிடுவார்கள். ஒரு டைல்கூட உடைந்ததில்லை. ஆனால் விதிப்புத்தகத்தில் மோவாயும் விரலும் கிடையாது. சரிவின் தலையில் வண்டியை நிறுத்த வேண்டும், இறங்க வேண்டும், சுமையைச் சுற்றி வந்து பார்க்க வேண்டும், ஏற வேண்டும், ஹாரன் அடிக்க வேண்டும், பிறகுதான் இறக்கத்தில் இறங்க வேண்டும். அதை எழுதியவர் கூட அப்படி ஓட்டியிருக்க மாட்டார்.

அன்றைக்கு எல்லாரும் அப்படியே ஓட்டினார்கள். அப்பா முதலில் நிறுத்தினார், இறங்கினார், டைல்ஸ் அடுக்கிய பேலட்டைச் சுற்றி வந்தார், பெண் பார்க்கப் போன இடத்தில் நடப்பது போல அடிமேல் அடி வைத்தார். பின்னால் மீசைக்காரர் ஒரு படி மேலே போய், கட்டியிருந்த பிளாஸ்டிக் பட்டையைத் தட்டித் தட்டிப் பார்த்தார். லாரிகள் வெளியே வரிசை கட்டின. ஒரு லாரிக்காரர் தலையை நீட்டி, "யாராவது செத்துட்டாங்களா உள்ள?" என்று கேட்டார். யாரும் சிரிக்கவில்லை.

விதியை மீறினால் திட்டலாம். விதிப்படி நடப்பவரை யார் என்ன சொல்ல முடியும்? அப்பாவுக்கு அதில் ஒரு குரூரமான திருப்தி இருந்தது. பார்த்துக்கோ, நல்லாப் பார்த்துக்கோ என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டே ஹாரனை அழுத்தினார்.

மஞ்சள் பட்டைக்கு அந்தப் பக்கம் நின்ற பாப்பாவுக்கு முதல் சுற்றிலேயே புரிந்துவிட்டது. அவளுக்குக் காது சூடாகிவிட்டது. கத்தலாம் போல இருந்தது. அப்பா, இன்னைக்கு வேண்டாம்பா, இன்னைக்கு மட்டும் வேண்டாம்பா. வாயைத் திறந்தால் எல்லாம் கெட்டுவிடும் என்று டேப்லெட்டை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நின்றாள்.

மதியத்துக்கு மேல் உறையைக் கழற்றினார்கள். ஆளில்லா வண்டி அதே சரிவில், அதே சுமையோடு இறங்கியது. அழகாகவும் ஓடவில்லை, வேகமாகவும் ஓடவில்லை. ஈரம் பட்ட இடத்தில் நின்று நின்று யோசித்தது. ஒரு சிமென்ட் மூட்டை உயரத்துக்குக் குப்பைக்கூடை ஒன்று குறுக்கே இருந்ததைப் பார்த்துப் பயந்துபோய் விளக்கைச் சிமிட்டிக்கொண்டே நின்றுவிட்டது. என்றாலும், காலையில் அப்பாவின் ஆட்கள் ஓட்டிய லட்சணத்துக்கு அது எவ்வளவோ தேவலை.

மேடம் பாப்பாவைத் தனியாக அழைத்தார்.

"பின்பக்க டாக்ல மிஷின் தோத்துடும், ஆளுங்களை எடுக்கவே கூடாதுன்னு எழுதிக் குடுத்தது நீங்கதானே?"

"ஆமா மேடம்."

"இருக்கறதுலயே நல்ல ஷிஃப்ட் இதுதான்னு கேட்டு வாங்கினதும் நீங்கதானே?"

"ஆமா மேடம்."

"இதுவா நல்ல ஷிஃப்ட்?"

பாப்பா டேப்லெட்டில் இருந்த கணக்கைப் பார்த்தாள். என்ன சொல்வாள்? வேண்டுமென்றே மெதுவாக ஓட்டினார்கள் என்று சொன்னால் அப்பாவின் வேலைக்கே வேட்டு. சொல்லாவிட்டால் பின்பக்க டாக் மிஷினுக்குப் போய்விடும், அங்கே ஓட்டும் அத்தனை பேரும் வீட்டுக்குப் போவார்கள். பொய்யான ஆய்வு என்று தெரிந்தே எழுதிக் கொடுத்துவிட்டு, தன் பட்டத்தையும் வாங்கிக்கொள்ள வேண்டும்.

மாலையில் அப்பா பார்க்கிங்கில் காரில் உட்கார்ந்து காத்திருந்தார். பாப்பா வந்து பக்கத்தில் ஏறினாள். அவர் வண்டியைக் கிளப்பவில்லை.

"கொள்முதல் எப்படிப் போகுது?" என்றார்.

"ஏன்பா மெதுவா ஓட்டினீங்க?"

"நீ ஏன் பொய் சொன்ன?"

"பொய் சொல்லல. அந்த மிஷினை வாங்கலாமா வேண்டாமான்னு பார்க்கறது கொள்முதல் வேலைதான். அதைத்தான் எனக்கு ஆய்வா குடுத்திருக்காங்க."

"அதை அப்பாகிட்ட ஒரு வார்த்தை சொன்னா என்ன?"

"சொல்லக் கூடாதுப்பா. ஓட்டறவங்களுக்கு முன்னாடியே தெரிஞ்சா சோதனை செல்லாதுன்னு புரொபசர் சொல்லிட்டார். கம்பெனியும் யார்கிட்டயும் பேச மாட்டேன்னு எழுதி வாங்கிட்டாங்க. நான் என்ன பண்ணட்டும்? காலைல அம்மா கேக்கறா, நீங்க கேக்கறீங்க, நான் பஸ்ஸைச் சாக்கு சொல்லிட்டு ஓடறேன்."

"எங்களை எண்ணிக் கழிக்கத்தானே நின்ன அங்க?"

பாப்பா அவரைத் திரும்பிப் பார்த்தாள். அழுகையும் கோபமும் ஒன்றாக வந்தன. "உங்களைக் கழிக்கறதுக்கா உங்க ஷிஃப்ட்டைக் கேட்டு வாங்கினேன்? மிஷின் அந்தச் சரிவுல உங்க பக்கத்துல கூட வர முடியாதுன்னு எனக்குத் தெரியும்பா. அதை எல்லார் முன்னாடியும் ஒரு தடவை காட்டிட்டா போதும்னு இருந்தேன். நீங்க எப்பவும் போல ஓட்டினாலே போதும். அவ்வளவுதான் வேணும்."

அப்பா ஸ்டியரிங்கைப் பிடித்த கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். கிடங்கின் பக்கம் பார்த்தார். அங்கே மீசைக்காரர் வழக்கம்போல யாரிடமோ பேசிக்கொண்டு நின்றார். நன்றாக மாட்டிவிட்டோம் அவர்களை என்று சிரித்துக்கொண்டிருப்பார் பாவம்.

"இன்னொரு தடவை வைக்கச் சொல்லேன்" என்றார் மெதுவாக.

"ஏன்னு கேப்பாங்கப்பா."

மகள் மீது சந்தேகப்பட்டோமே என்ற வெட்கம் ஒரு பக்கம். எத்தனை பேர் பிழைப்பைக் கெடுத்தோம் என்ற பயம் இன்னொரு பக்கம். இரண்டில் எது பெரிதென்று அவருக்கே தெரியவில்லை.

அப்போது பாப்பாவின் போன் அடித்தது. மேடம். கார்க் கண்ணாடி ஏற்றியிருந்தது, மேடத்துக்குப் பெரிய குரல். ஒரு வார்த்தை விடாமல் அப்பாவுக்குக் கேட்டது.

"அந்த ஷிஃப்ட் தலைவர் உங்க அப்பாவாமே?"

பாப்பா அப்பாவைப் பார்த்தாள். "ஆமா மேடம்."

"ஏன் முன்னாடியே சொல்லல?"

"கேக்கல மேடம்." சொன்ன பிறகுதான் அது எவ்வளவு மோசமான பதில் என்று அவளுக்கே தெரிந்தது. "சொல்லியிருக்கணும். தப்புதான். சொன்னா வேற ஷிஃப்ட்டை மாத்திடுவீங்கன்னு பயந்தேன்."

"சரி, இப்ப நேராக் கேக்கறேன். சோதனையைப் பத்தி வீட்ல சொன்னீங்களா?"

"இல்ல மேடம். சத்தியமா சொல்லல."

"சொல்லாமலா இத்தனை பேரும் ஒரே நாள்ல ஒரே மாதிரி இறங்கிச் சுத்திச் சுத்திப் பார்த்தாங்க? நம்பற மாதிரியா இருக்கு? கல்லூரிக்கு நான் என்னன்னு எழுத? எழுதிக் குடுத்ததை மீறி விஷயத்தை வெளிய சொல்லிட்டாங்கன்னு எழுதட்டுமா? அப்படி எழுதினா உங்க படிப்பு என்ன ஆகும்னு தெரியுமில்ல?"

தெரியும். இத்தனை வருடமும் மூன்று மாதம் அங்கே, மூன்று மாதம் இங்கே என்று ஓடி ஓடிப் படித்ததெல்லாம் ஒரு வரியில் போய்விடும். இத்தனை நாளும் எதை வீட்டில் சொல்லாமல் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தாளோ, அதைச் சொல்லிவிட்டாள் என்றுதான் இப்போது பழி. சொல்லவில்லை என்று நிரூபிக்க அவளிடம் ஒரே வழிதான் இருந்தது. அது பக்கத்து இருக்கையில் உட்கார்ந்திருந்தது.

அப்பா கையை நீட்டினார். அவள் தலையை ஆட்டி மறுத்தாள். அவர் போனை அவள் விரல்களிலிருந்து மெல்லப் பிரித்து எடுத்தார்.

"மேடம், நான் அவ அப்பா பேசறேன். காலை ஷிஃப்ட்."

"சொல்லுங்க."

"என் பொண்ணு எங்ககிட்ட எதுவும் சொல்லல மேடம். சொல்லியிருந்தா நல்லா ஓட்டியிருப்போம்."

பாப்பா கண்ணை மூடிக்கொண்டாள்.

"அப்படின்னா," என்றார் மேடம், ஒவ்வொரு வார்த்தையாக நிறுத்தி, "இன்னைக்கு வேணும்னே மெதுவா ஓட்டினீங்க."

"ஆமா மேடம். மத்தவங்க மேல தப்பில்ல. நான் ஓட்டச் சொன்னேன், ஓட்டினாங்க."

இதைச் சொன்னபோது அவர் குரல் நடுங்கவில்லை.

"நாளைக்குக் காலைல மேல வாங்க" என்றார் மேடம். "ரெண்டு பேரும் வாங்க. தனித்தனியா வரணும். அதுவரைக்கும் நீங்க ரெண்டு பேரும் இதைப் பத்தி ஒரு வார்த்தை பேசிக்கக் கூடாது. பேசி வச்சுக்கிட்டு வந்தா எனக்குத் தெரிஞ்சிடும்."

போன் அணைந்தது. அப்பா அதை மகளின் மடியில் வைத்தார். கேட்க அவரிடம் ஆயிரம் இருந்தது. மன்னிப்பு என்று ஒன்றும் அதில் இருந்தது.

"பேசக் கூடாதா?" என்றார்.

"கூடாதுப்பா."

"சரி."

காலையிலிருந்து அவளை நம்பாதவர் இதை மட்டும் அப்படியே நம்பினார். ஒன்றும் கேட்காமல் காரைக் கிளப்பினார்.

வீட்டு வாசலில் அம்மா கதவைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றாள். காரிலிருந்து இறங்கும் முகங்களை ஒன்றன்பின் ஒன்றாகப் பார்த்தாள். அவர்கள் ஷூவைக் கழற்றுவதற்குள் கேட்டாள்.

"கேன்டீன்ல எல்லாரும் என்னென்னவோ பேசறாங்களாம். இப்பதான் மீசைக்காரர் வீட்லேர்ந்து போன் வந்தது. நீங்க ரெண்டு பேரும் சேர்ந்து என்ன பண்ணீங்க?"

அப்பா மகளைப் பார்த்தார். மகள் அப்பாவைப் பார்த்தாள். மேடம் சொன்னது நினைவுக்கு வந்து, அந்த வாசலில் இரண்டு பேரும் வாயைத் திறக்கவில்லை. இதைப் பார்த்த பிறகு அம்மா இனி எதை நம்புவாள்?